தோற்றவர்கள் போட்ட கணக்கு

ஹார்ட்ஃபோர்ட் நகரில் வேலை பார்த்த காலத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சற்று நடந்துவிட்டு வருவது வழக்கம். காப்பீட்டு நிறுவனங்களால் வாழும் ஊர் அது. கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே செங்கல்லும் பழுப்பு மணற்கல்லுமாக ஒரு பழைய கட்டடம் நிற்கும், உச்சியில் சின்னதாக வெள்ளை விதானம். 1796-இல் கட்டி முடிக்கப்பட்ட கனெக்டிகட் மாநிலத்தின் பழைய ஆட்சிமன்றம். உள்ளே இரட்டைத் தலைக் கன்றுக்குட்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். 1797-இல் ஓர் ஓவியர் அதே கட்டடத்தில் நடத்திய விநோதப் பொருள் காட்சியின் நினைவாக. ஒரு நாடு, இரண்டு தலை என்று உவமை தேடுகிறவர்களுக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை. நான் அதைத் தொடப்போவதில்லை.

நான் பார்க்கப் போனது அங்கிருந்த மன்ற அறையை. 1814 டிசம்பர் 15 முதல் 1815 ஜனவரி 5 வரை 26 பேர் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே நாடு போரில் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன்புதான் பிரிட்டிஷ் படை வாஷிங்டனுக்குள் புகுந்து அதிபர் மாளிகைக்குத் தீ வைத்திருந்தது. அந்த வேளையில் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையைச் சேர்ந்த, படித்த, வசதியான, பெரும்பாலும் தலைநரைத்த இந்த மனிதர்கள் கூடிப் பேசியதை நாடே பிரிவினைச் சதி என்று நம்பியது.

அமெரிக்கப் பிரிவினை என்றதும் நமக்கு 1861 நினைவுக்கு வரும். தெற்கு, பருத்தி, அடிமைமுறை, லிங்கன். பள்ளிப் பாடம் அப்படித்தான் பழக்கிவிட்டது. 1800-க்கும் 1815-க்கும் இடையில் பிரிந்துபோவதைப் பற்றி உரக்கப் பேசியவர்கள் வடக்கத்தியர்கள் என்பதை அந்தக் கட்டடத்துக்குப் போய்வந்த பிறகுதான் நான் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று மனதில் உறுதியாயிற்று. ஒரு பகுதி தன்னை வேறாக உணர்வதால் மட்டும் பிரிய நினைப்பதில்லை. இனி எந்தத் தேர்தலிலும் நம் கை ஓங்காது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்தக் கணக்குச் சரியாகவும் வந்துவிட்டால், அப்போதுதான் பேச்சு தொடங்குகிறது.

கணக்கு அரசியல் சட்டத்திலேயே இருந்தது. 1787 கோடையில் ஃபிலடெல்ஃபியாவில் கூடியவர்கள் பெரிய மாநிலம், சிறிய மாநிலம் என்று அடித்துக்கொண்டிருந்தபோது, ஜூன் 30 அன்று ஜேம்ஸ் மேடிசன் எழுந்து, உண்மையான பிளவு அளவில் இல்லை, அடிமைகளை வைத்திருக்கும் மாநிலங்களுக்கும் வைத்திராத மாநிலங்களுக்கும் இடையில்தான் இருக்கிறது என்றார். அவர் வர்ஜீனியாக்காரர், அடிமைகளை வைத்திருந்தவர். தெரிந்துதான் சொன்னார். அந்தப் பிளவை அவர்கள் ஒட்டவைத்த விதம் உலக வரலாற்றின் விகாரமான பின்னங்களில் ஒன்று: பிரதிநிதிகள் சபைக்கான இடங்களைப் பகிரும்போது அடிமைகளாக வைக்கப்பட்ட ஐந்து பேரை மூன்று பேராக எண்ணுவது. அந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் வாக்கு கிடையாது. அவர்களைக் காட்டிக் கிடைத்த இடங்களும், அந்த இடங்களோடு சேர்ந்துவரும் அதிபர் தேர்தல் வாக்குகளும் அவர்களுடைய எசமானர்களுக்குப் போயின.

பலன் 1800 தேர்தலில் தெரிந்தது. வர்ஜீனியாக்காரரான ஜெஃபர்சனுக்கு அந்த அதிபர் தேர்தல் வாக்குகள் 73, மாசசூசெட்ஸ்காரரான ஜான் ஆடம்ஸுக்கு 65. ஐந்துக்கு மூன்று கணக்கு தந்த கூடுதல் இடங்களைக் கழித்துவிட்டால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆடம்ஸின் ஃபெடரலிஸ்ட் கட்சி அதன் பிறகு அதிபர் பதவியை எட்டவே இல்லை. 1789 முதல் 1825 வரையிலான 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்கள்தான் அதிபர்கள். நடுவில் ஆடம்ஸின் நான்கு ஆண்டுகள் மட்டும் விதிவிலக்கு.

கனெக்டிகட்டின் செனட்டர் ஜேம்ஸ் ஹில்ஹவுஸ் 1808-இல் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். அதிபரைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். ஆண்டுதோறும் பதவிக்காலம் முடியும் செனட்டர்கள் ஒரு பெட்டிக்குள் கைவிட்டு ஆளுக்கொரு பந்தை எடுக்கட்டும், நிறம் பூசிய பந்து யார் கையில் வருகிறதோ அவர் ஓராண்டுக்கு அதிபர். படித்தபோது சிரித்தேன். பிறகு யோசித்தால் சிரிப்பதற்கு இல்லை. எந்தத் தேர்தல் வைத்தாலும் வர்ஜீனியாதான் வெல்லும் என்று நம்பிவிட்ட ஒருவருக்குக் குலுக்கலே நியாயமாகப்படும். இந்த ஹில்ஹவுஸ் பிறகு ஹார்ட்ஃபோர்ட் அறையில் உட்கார்ந்த 26 பேரில் ஒருவர்.

1803-இல் ஜெஃபர்சன் பிரான்ஸிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு லூசியானா நிலப்பரப்பை வாங்கினார். நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரட்டித்தது. மற்றவர்கள் அதில் நிலத்தைப் பார்த்தார்கள். நியூ இங்கிலாந்து என்று அழைக்கப்படும் அந்த வடகிழக்கு மூலை அதில் செனட் இடங்களைப் பார்த்தது. அங்கே முளைக்கப்போகும் ஒவ்வொரு மாநிலமும் இரண்டு செனட்டர்களை அனுப்பும், அவர்கள் தெற்கோடும் மேற்கோடும் சேர்வார்கள், ஐந்து மாநிலங்களுக்குள் அடங்கிய நியூ இங்கிலாந்து மூலையில் சுருங்கும். மாசசூசெட்ஸின் டிமதி பிக்கரிங், ஒருகாலத்தில் வெளியுறவுச் செயலராக இருந்தவர், வடக்கு மாநிலங்களைத் தனிக் கூட்டாட்சியாக்குவது பற்றி 1804 ஜனவரியில் தன் நண்பர் ஜார்ஜ் கேபட்டுக்குக் கடிதம் எழுதினார். கேபட் உடன்படவில்லை. ஃபெடரலிஸ்ட் கட்சியின் மூளையாக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனும் உடன்படவில்லை. அப்போது துணை அதிபராக இருந்த ஆரன் பர்ரோடு துப்பாக்கிச் சண்டைக்குப் போகும் முந்தைய நாள், ஜூலை 10 அன்று, அவர் எழுதிய கடைசிக் கடிதங்களில் ஒன்று இதைப் பற்றியதுதான்: நாட்டைத் துண்டாடினால் நம் உண்மையான நோய் தீராது, அந்த நோயின் பெயர் ஜனநாயகம் என்றார். ஒற்றுமையின் காவலர் என்று கொண்டாடப்படுகிறவர் ஒற்றுமைக்குச் சொன்ன காரணம் இது. எனக்கு ஹாமில்டன் மேல் மரியாதை உண்டு, ஆனால் இந்த வரியை மட்டும் அவருடைய ரசிகர்கள் மேற்கோள் காட்டுவதில்லை.

லூசியானாவை மாநிலமாகச் சேர்க்கும் மசோதா 1811 ஜனவரியில் வந்தபோது பாஸ்டனின் ஜோசையா குவின்சி அவையிலேயே சொல்லிவிட்டார்: இது நிறைவேறினால் ஒன்றியத்தின் கட்டு அவிழ்ந்துவிட்டதாகப் பொருள், பிரிவதற்கு ஆயத்தம் செய்வது சில மாநிலங்களின் கடமையாகும், முடிந்தால் நட்பாக, முடியாவிட்டால் வன்முறையாக. மசோதா நிறைவேறியது. ஒன்றும் நடக்கவில்லை. குவின்சி பிற்காலத்தில் பாஸ்டன் மேயராகவும் ஹார்வர்டின் தலைவராகவும் கௌரவமாக வாழ்ந்தார்.

கணக்கு மட்டும் போதாது, வயிற்றிலும் அடி விழ வேண்டும். அது 1807 டிசம்பரில் விழுந்தது. பிரிட்டனும் பிரான்ஸும் அமெரிக்கக் கப்பல்களைத் தொல்லைப்படுத்தியதற்குப் பதிலடியாக, எந்தக் கப்பலும் வெளிநாடு போகக்கூடாது என்று ஜெஃபர்சன் தடை போட்டார். 1807-இல் 10.8 கோடி டாலராக இருந்த ஏற்றுமதி மறு ஆண்டு 2.2 கோடிக்கு இறங்கியது. கப்பலும் மீனும் மரமும்தான் நியூ இங்கிலாந்தின் பிழைப்பு. துறைமுகங்களில் பாய்மரங்கள் கட்டிப்போட்டபடி நின்றன, மாலுமிகள் வேலையின்றித் திரிந்தார்கள், கனடா எல்லையில் கடத்தல் செழித்தது. மத்திய அரசின் அதிகாரத்துக்கு எல்லை வேண்டும் என்று 1798-இல் கென்டக்கி, வர்ஜீனியா தீர்மானங்களை ரகசியமாக எழுதிக் கொடுத்தவர்கள் ஜெஃபர்சனும் மேடிசனும். பத்து ஆண்டு கழித்து அதே ஜெஃபர்சனின் அதிகாரிகள் பாஸ்டன் துறைமுகத்தில் படகுகளைச் சோதனை போட்டார்கள். இப்போது மாநில உரிமை பேசுவது மாசசூசெட்ஸின் முறை. தீர்மானங்களின் வாசகம்கூடக் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

பிறகு 1812 ஜூனில் பிரிட்டனோடு போர். செனட்டில் 19-க்கு 13, பிரதிநிதிகள் சபையில் 79-க்கு 49. ஒரு ஃபெடரலிஸ்ட்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் ஐலண்ட் ஆளுநர்கள் தங்கள் மாநிலப் படையை மத்திய அரசின் கீழ் அனுப்ப மறுத்தார்கள். 1814 செப்டம்பரில் பிரிட்டிஷார் கிழக்கு மேய்ன் கடற்கரையைப் பிடித்துக்கொண்டார்கள். மேய்ன் அப்போது மாசசூசெட்ஸின் ஒரு பகுதி. தன் சொந்த மண்ணை மீட்க மாசசூசெட்ஸ் அரசு விரலை அசைக்கவில்லை. மேய்ன்காரர்கள் இதை மறக்கவில்லை, இது பின்னால் வரும். கேஸ்டீன் என்ற அந்தச் சிறு துறைமுகத்தில் பிரிட்டிஷார் வசூலித்த சுங்கப் பணத்தை வைத்துத்தான் ஹாலிஃபாக்ஸில் டல்ஹௌசி பிரபு ஒரு கல்லூரி தொடங்கினார். இன்றைய டல்ஹௌசி பல்கலைக்கழகம். நம் ஊர் ராஜ்ஜியங்களை வாரிசில்லை என்று சொல்லி விழுங்கிய கவர்னர் ஜெனரல் டல்ஹௌசியின் அப்பா இவர்.

இந்த நிலையில்தான் ஹார்ட்ஃபோர்ட் மாநாடு. மாசசூசெட்ஸிலிருந்து 12 பேர், கனெக்டிகட்டிலிருந்து 7, ரோட் ஐலண்டிலிருந்து 4. நியூ ஹாம்ப்ஷயரும் வெர்மான்ட்டும் மாநிலமாக வரவில்லை, அங்கிருந்த சில மாவட்டங்கள் மூவரை அனுப்பின. தலைவர் யார் என்றால் பத்து ஆண்டுகளுக்கு முன் பிக்கரிங்குக்கு முடியாது என்று எழுதிய அதே ஜார்ஜ் கேபட். ஹார்ட்ஃபோர்டில் போய் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டவரிடம், உங்களைப் போன்ற ரத்தம் கொதிக்கும் இளைஞர்கள் ஏதாவது வம்பில் மாட்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் போகிறோம் என்று அவர் சொன்னதாக ஒரு கதை உண்டு. எனக்கு அது நம்பும்படியாகவே இருக்கிறது. பிக்கரிங் அந்தப் பட்டியலில் இல்லை என்பதே மாநாட்டின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. ஆனால் வாஷிங்டனில் அதிபராக இருந்த மேடிசனுக்கு அந்த நிம்மதி இல்லை. கர்னல் தாமஸ் ஜெஸப் என்பவரை ஆள்சேர்ப்பு என்ற பெயரில் ஹார்ட்ஃபோர்டுக்கு அனுப்பி வேவு பார்க்கவைத்தார்.

அறைக்குள்ளிருந்து வெளிவந்தது பிரிவினைப் பிரகடனம் இல்லை, ஓர் அறிக்கை. ஒன்றியம் கலைந்துதான் தீரும் என்றால் அது முடிந்தவரை அமைதிக் காலத்தில், நிதானமான சம்மதத்தோடு நடக்க வேண்டும் என்று ஒரு வாசகம் அதில் உண்டு. வழக்கறிஞர்கள் எழுதிய மிரட்டல். கதவைத் திறந்தும் வைக்கவில்லை, தாழ் போடவும் இல்லை. கூடவே அரசியல் சட்டத்துக்கு ஏழு திருத்தங்கள். பிரதிநிதித்துவத்தைச் சுதந்திர மனிதர்களை மட்டும் எண்ணி வகுக்க வேண்டும். புதிய மாநிலத்தைச் சேர்க்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். வணிகத் தடை 60 நாளைத் தாண்டக்கூடாது, வெளிநாட்டு வணிகத்தைத் துண்டிக்கவும் மூன்றில் இரண்டு பங்கு. போர் அறிவிக்கவும் மூன்றில் இரண்டு பங்கு, படையெடுப்பு நடந்தால் தவிர. வெளிநாட்டில் பிறந்து இனிமேல் குடியுரிமை பெறுகிறவர்கள் காங்கிரஸிலோ மத்தியப் பதவியிலோ அமரக்கூடாது. ஒருவர் ஒருமுறைதான் அதிபர், ஒரே மாநிலத்திலிருந்து அடுத்தடுத்து இருவர் கூடாது. கடைசியாகச் சொன்னதில் வர்ஜீனியாவின் பெயர் இல்லை, அவ்வளவுதான்.

கையில் ஒரு பென்சிலோடு இந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும். அப்போது 18 மாநிலங்கள், 36 செனட்டர்கள். மூன்றில் இரண்டு என்றால் 24, அதைத் தடுக்க 13 பேர் போதும். நியூ இங்கிலாந்தின் ஐந்து மாநிலங்களுக்கு 10 பேர். இன்னும் இரண்டு மாநிலங்களைச் சேர்த்துக்கொண்டால் எதையும் நிறுத்தலாம். 1812-இல் இந்த விதி இருந்திருந்தால் 19-க்கு 13 என்ற வாக்கில் போரே வந்திருக்காது. ஆளும் பெரும்பான்மை தங்களுக்கு இனி கிடைக்காது என்று ஒப்புக்கொண்டவர்கள் கேட்ட நஷ்ட ஈடு இது. முதல் திருத்தத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது. ஐந்துக்கு மூன்று ஒழிய வேண்டும் என்று அவர்கள் கேட்டது அடிமைகளின் விடுதலைக்காக இல்லை. அவர்களைக் காட்டித் தெற்கு சம்பாதிக்கும் இடங்களைக் குறைப்பதற்காக. அந்த அறையில் ரோட் ஐலண்டும் இருந்தது, அட்லாண்டிக்கில் அடிமை வாணிபக் கப்பல்களை அதிகமாக ஓட்டிய அமெரிக்க மாநிலம் அது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸின் தூதர்களாக ஹாரிசன் கிரே ஓடிஸ் உள்ளிட்ட மூன்று கனவான்கள் பிப்ரவரித் தொடக்கத்தில் வாஷிங்டன் புறப்பட்டார்கள். அவர்கள் போய்ச்சேரும் முன்பே, ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சன் பிரிட்டிஷ் படையை நொறுக்கிய செய்தி தலைநகரை எட்டிவிட்டது. பிப்ரவரி 14 அன்று, டிசம்பர் 24-ஆம் தேதியே கென்ட் நகரில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்ட செய்தியும் வந்து சேர்ந்தது. இரண்டு நாளில் செனட் 35-க்கு 0 என்று ஒப்புதல் தந்தது. ஊர் முழுக்க விளக்கேற்றிக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது, போரினால் எங்களுக்கு நேர்ந்த துன்பத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்று யார் வாசலில் போய் நிற்பது? நியூ யார்க் பத்திரிகை ஒன்று, வாஷிங்டன் பக்கம் போய்க்கொண்டிருந்த பார்வைக்கு லட்சணமான மூன்று மனிதர்களைக் காணவில்லை என்று கேலி விளம்பரம் போட்டது. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தலில் ஃபெடரலிஸ்ட் வேட்பாளருக்கு 34 வாக்கு, வர்ஜீனியாவின் ஜேம்ஸ் மன்ரோவுக்கு 183. கட்சி அத்தோடு சரி.

கப்பல் வாரக்கணக்கில் பயணம் செய்த காலம் அது. டிசம்பர் கடைசி வாரத்திலேயே ஒப்பந்தச் செய்தி வந்திருந்தால் மாநாடு அறிக்கையைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கும். நியூ ஆர்லியன்ஸ் கைவிட்டுப் போய், போரும் 1815 முழுக்க நீண்டிருந்தால்? அடுத்த மாநாட்டை ஜூனில் கூட்ட வேண்டியிருக்கலாம் என்று அறிக்கையே வழி வைத்திருந்தது. அதற்குப் போகிறவர்கள் கேபட் வயதுக்காரர்களாக இருந்திருக்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மன்ரோ 1817-இல் பாஸ்டனுக்கு வந்தபோது அங்கிருந்த ஃபெடரலிஸ்ட் பத்திரிகையே 'நல்லுணர்வுகளின் காலம்' என்று எழுதி வரவேற்றது. அந்தப் பெயர் பாடப்புத்தகத்தில் நிலைத்துவிட்டது. நல்லுணர்வுக்கு ஆயுள் இரண்டு ஆண்டு. 1819-இல் மிசூரியை அடிமை மாநிலமாகச் சேர்ப்பதா என்ற சண்டை காங்கிரஸில் வெடித்தது. அடிமைமுறை இல்லாத சுதந்திர மாநிலங்கள் 11, அடிமை மாநிலங்கள் 11, செனட்டில் சமன். பிரதிநிதிகள் சபையில் வடக்குக்கு 105, தெற்குக்கு 81. ஐந்துக்கு மூன்று இருந்தும் தெற்கு பின்தங்கிவிட்டது. குடியேறிகளும் குழந்தைகளும் வடக்கில் பெருகினார்கள். கணக்குப் புத்தகம் கைமாறியது. இப்போது பென்சிலை எடுத்தது தெற்கு. ஜார்ஜியாவின் தாமஸ் காப், மிசூரியில் அடிமைமுறை கூடாது என்ற வடக்கத்தியரைப் பார்த்து, நீங்கள் மூட்டிய தீயை ரத்தக் கடல்தான் அணைக்கும் என்று அவையில் கத்தினார்.

அப்போது கைகொடுத்தது மேய்ன். போரில் தங்களைக் கைவிட்ட மாசசூசெட்ஸோடு இனி இருக்கமாட்டோம் என்று 1819 ஜூலையில் அங்கே மக்கள் வாக்களித்திருந்தார்கள். ஒரு மாநிலத்துக்குள் நடந்த அந்தப் பிரிவினையை எடுத்து, மிசூரிக்கு எதிர்த்தட்டில் வைத்தார்கள். 1820 மார்ச்சில் மேய்ன் தனி மாநிலம். மிசூரியும் சேர்ந்தால் மாநிலங்கள் 12-க்கு 12, செனட் மறுபடி சமன். மிசூரியைத் தவிர, லூசியானா நிலப்பரப்பில் அட்சரேகை 36 பாகை 30 கலைக்கு வடக்கே அடிமைமுறை கிடையாது என்று வரைபடத்தில் ஒரு கோடு. மேய்ன் பிரதிநிதிகளிலேயே பெரும்பாலோர், எங்கள் சுதந்திரத்துக்கு விலை மிசூரியின் அடிமைகளா என்று இந்த உடன்படிக்கையை எதிர்த்தார்கள். ஆதரித்தவர்களில் ஒருவர் ஜான் ஹோம்ஸ். அவருக்குத்தான் முதிய ஜெஃபர்சன் ஏப்ரல் 22 அன்று, நள்ளிரவில் அடிக்கும் தீயணைப்பு மணி போல இந்தப் பிரச்சினை என்னைத் திடுக்கிட்டு எழவைத்தது, ஒன்றியத்தின் சாவுமணியாகவே அதைக் கேட்டேன் என்று எழுதினார். மணியை ஃபிலடெல்ஃபியாவிலேயே கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், அவர் மொண்டிசெல்லோ என்ற தன் வீட்டில் படுத்திருந்தவரைக்கும் அது கேட்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு மனிதர்களைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. தென் கரோலினாவின் ஜான் கால்ஹூன், நியூ இங்கிலாந்தின் டேனியல் வெப்ஸ்டர்.

1817-இல் கால்ஹூனைவிடப் பெரிய தேசியவாதி கிடையாது. சாலைகளாலும் கால்வாய்களாலும் குடியரசைப் பிணைப்போம், தூரத்தை வெல்வோம் என்று பேசினார். அதற்கு முந்தைய ஆண்டு நெசவாலைகளைக் காக்கும் இறக்குமதி வரியை ஆதரித்தார். அந்த வரி குறிவைத்தது நம் பக்கத்துத் துணியைத்தான். கெஜம் 25 சென்ட்டுக்குக் கீழே எந்தப் பருத்தித் துணி வந்தாலும் 25 சென்ட் என்று கொண்டு அதில் கால் பங்கை வரியாகப் போடு என்றது சட்டம். எட்டு சென்ட் விலையுள்ள இந்திய முரட்டுத் துணிக்கு ஆறேகால் சென்ட் வரி. மாசசூசெட்ஸின் வால்தமில் ஆலை நடத்திய ஃபிரான்சிஸ் கேபட் லோவல் நேரில் வாஷிங்டன் போய்த் தென் கரோலினாக்காரர்களிடம் பேசிச் சாதித்தது இது. உங்கள் பருத்தியை நாங்கள் வாங்குகிறோம் என்பது வாதம். இந்தியாவிலிருந்து துணி ஏற்றிவந்த நியூ இங்கிலாந்துக் கப்பல்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. வெப்ஸ்டர் அவர்கள் பக்கம். 1824-இல்கூட வரி உயர்வை எதிர்த்து வாக்களித்தார்.

அதற்குள் பாஸ்டன் பணம் கப்பலிலிருந்து இறங்கி ஆலைக்குள் போய்விட்டது. 1828-இல் இன்னும் கடுமையான வரிக்கு வெப்ஸ்டர் ஆதரவு. அதே வரியைச் செல்லாததாக்க ஒரு மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று, துணை அதிபராக இருந்துகொண்டே, பெயர் போடாமல் எழுதிக் கொடுத்தவர் கால்ஹூன். 1832 நவம்பரில் தென் கரோலினா அதை நடத்தியும் காட்டியது. அப்போது அதிபராக இருந்த அதே ஆண்ட்ரூ ஜாக்சன், படை அனுப்பும் சட்டத்திலும் வரிக் குறைப்பிலும் ஒரே நாளில், 1833 மார்ச் 2 அன்று, கையெழுத்திட்டு அந்தச் சுற்றைச் சமாளித்தார். அதுவும் ஒரு பேரம்தான். தெற்குக்கு இன்னும் சில தேர்தல்களில் வெல்லும் நம்பிக்கை மிச்சமிருந்ததால் பேரம் படிந்தது. 1860-இல், பத்துத் தென் மாநிலங்களில் வாக்குச்சீட்டிலேயே பெயர் இல்லாத ஒருவர் அதிபரானபோது அந்த நம்பிக்கை போயிற்று.

1830 ஜனவரியில் செனட்டில் நடந்த புகழ்பெற்ற விவாதத்தில், கால்ஹூன் அவைத் தலைவராக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தென் கரோலினாவின் ராபர்ட் ஹேன் ஹார்ட்ஃபோர்ட் மாநாட்டை எடுத்து வெப்ஸ்டரின் முகத்தில் வீசினார். நீங்கள் பேசலாமா ஒற்றுமையைப் பற்றி? வெப்ஸ்டர் அசரவில்லை. அந்த மாநாட்டின் நடவடிக்கைகளை இப்போதெல்லாம் நியூ இங்கிலாந்தைவிடத் தெற்கில்தான் அதிகம் படிக்கிறார்கள் போலிருக்கிறது, முன்னுதாரணம் தேடுகிறார்கள் என்று திருப்பிக் கொடுத்தார். 'விடுதலையும் ஒன்றியமும், இன்றும் என்றும், ஒன்றே, பிரிக்கவொண்ணாதவை' என்று அந்த உரையை முடித்தார். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அதை மனப்பாடம் செய்தார்கள்.

அவர்கள் மனப்பாடம் செய்யாத இன்னொரு உரையும் வெப்ஸ்டருக்கு உண்டு. 1814 டிசம்பர் 9, ஹார்ட்ஃபோர்ட் கதவு சாத்தப்படுவதற்கு ஆறு நாள் முன்பு, கட்டாய ஆள்சேர்ப்பு மசோதாவை எதிர்த்துப் பிரதிநிதிகள் சபையில் பேசினார். மத்திய அரசின் தன்னிச்சையான அதிகாரத்துக்கும் தங்கள் குடிமக்களுக்கும் இடையில் குறுக்கே நிற்பது மாநில அரசுகளின் புனிதக் கடமையாகும் என்றார். கால்ஹூன் எழுதிக் கொடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல ஒரு நல்ல வழக்கறிஞர் வேண்டும். வெப்ஸ்டர் நல்ல வழக்கறிஞர். அந்த உரையை அவர் உயிரோடு இருந்தவரை அச்சுக்குக் கொடுக்கவில்லை. அது வெளியானது 1902-இல்.